கணக்குப் புத்தகத்தில் கவிழ்ந்த ஆட்சி

எமது வீடுகளுக்கு வரும் மின்கட்டணப் பட்டியலில் ஹைட்ரோ கியூபெக் என்னும் பெயரைப் பார்த்துப் பழகிவிட்டோம். அந்த நிறுவனம் பிறப்பதற்கு முன் மொன்றியலின் மின்சாரம் ஒரு தனியார் கம்பனியின் ஏகபோகமாக இருந்தது. அத்தகைய கம்பனிகளோடு கைகோத்து நின்ற ஓர் ஆட்சியின் கதை இது.

1897 முதல் கியூபெக்கை ஆண்டுவந்த லிபரல் கட்சியின் தலைமையை 1920 ஜூலையில் லூயி அலெக்சாந்தர் தஷ்ரோ ஏற்றார். அமெரிக்க மூலதனம் இங்கு வந்தால், எம்மவர் வேலை தேடி அமெரிக்காவுக்குப் போகவேண்டியதில்லை என்பது அவரது வாதம். பிழைப்புக்காக ஊரைப் பிரிவதன் துயரறிந்த நாம் அதனை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஆலைகள் எழுந்தன. 1931 தேர்தலில் 90 ஆசனங்களில் 79 அவர் கட்சிக்கே கிடைத்தன.

ஆனால் பெண்களுக்கு வாக்குரிமை வழங்க அவர் இறுதிவரை இணங்கவில்லை. அவர் பதவியேற்ற அதே 1920இல் சென்னை மாகாணத்தில் ஆட்சிக்கு வந்தது நீதிக்கட்சி. அங்கே மறு ஆண்டே, சொத்துத் தகுதியுடைய பெண்களுக்கேனும் அவ்வுரிமை கிட்டியது!

பொருளாதார மந்தம் மொன்றியலை வேலையற்றோர் நகராக்கியது. மின்சாரக் கம்பனிகள் மீது மக்களின் சினம் திரும்பியது. முன்னாள் முதல்வர் குவானின் மகன் போல் குவானே 1934இல் லிபரல்களைவிட்டு விலகிப் புதுக்கட்சி கண்டு, பின்னர் கன்சர்வேடிவ் தலைவர் மொறிஸ் டுப்ளெசியுடன் கூட்டுச் சேர்ந்தார். 1935 நவம்பர் தேர்தலில் தஷ்ரோவுக்கு 48, எதிரணிக்கு 42.

அடுத்த ஆண்டு பொதுக் கணக்குக் குழு கூடியபோது, டுப்ளெசி வழக்கறிஞருக்கேயுரிய பொறுமையோடு ஒவ்வொரு செலவாகத் துருவினார். சட்டசபையின் கணக்காளர் வேறு யாருமல்லர், முதல்வரின் தம்பி அந்துவான். அரச பணத்தைத் தமது சொந்த வங்கிக் கணக்கில் இட்டு, வட்டியைத் தாமே எடுத்துவந்தமை அம்பலமாயிற்று. 1936 ஜூன் 11இல் தஷ்ரோ பதவி விலகினார். ஆகஸ்டில் டுப்ளெசி 76 ஆசனங்களோடு வென்றார்.

குவானோ அத்தேர்தலுக்கு முன்னரே டுப்ளெசியுடனான கூட்டை முறித்துக்கொண்டிருந்தார். மின்சாரச் சீர்திருத்தமும் கிடப்பிற் போடப்பட்டது. தஷ்ரோவின் அமைச்சரவையில் விவசாய அமைச்சராயிருந்த அடெலார் கொட்பு 1939இல் ஆட்சியைப் பிடித்தபின்னரே, 1940இல் பெண்கள் வாக்குரிமை பெற்றனர். 1944 ஏப்ரலில் மொன்றியல் மின்சாரக் கம்பனி அரசுடைமையாகி, ஹைட்ரோ கியூபெக் பிறந்தது. நான்கு மாதங்களில் நடந்த தேர்தலில் கொட்புவைத் தோற்கடித்து, டுப்ளெசி மீண்டும் ஆட்சியேறினார்.