தகவல் துளி: கோடு போடும் ஸ்கேனர்

கணினிக்குள் முதன்முதலில் ஸ்கேன் ஆகிப் போன படம் எது தெரியுமா? ஒரு கைக்குழந்தையின் முகம். 1957இல் அமெரிக்காவின் ரஸ்ஸல் கிர்ஷ், தன் மூன்று மாத மகனின் புகைப்படத்தைச் சுழலும் உருளையில் பொருத்தி ஏற்றினார். அகலம் 176 புள்ளி, உயரமும் அவ்வளவுதான்.

இன்று ஜெராக்ஸ் கடையில் மூடியைத் தூக்கிக் கண்ணாடிமேல் தாளைக் கவிழ்த்து வைக்கிறார்களே, அது பிளாட்பெட் ஸ்கேனர். மடிப்பு கிழிந்த பழைய பத்திரத்துக்கு அதுதான் நல்லது. கட்டுக்கட்டாகத் தாள் இருந்தால், ஒவ்வொன்றாக உள்ளே இழுத்துக்கொள்ளும் ஏடிஎஃப் ஸ்கேனர். இதில் தாள்தான் நகரும், சென்சார் அசையாது. அதனால் குறுகலான கண்ணாடிப் பட்டையில் ஒரு பொட்டு ஒயிட்னர் ஒட்டியிருந்தாலும் போச்சு, எல்லாப் பக்கத்திலும் நீளமாக ஒரு கோடு விழும். மெஷினைத் திட்டாதீர்கள், மெல்லிய துணியால் அந்தப் பட்டையைத் துடைத்துப் பாருங்கள்.