பத்தமடைப் பாய்க்கு முன்பணம்

கைவினைப் பொருள் வாங்கும்போது பேரம் பேசாதீர்கள் என்று இப்போது எல்லோரும் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். நல்ல பேச்சுதான். ஆனால் திருநெல்வேலிச் சீமையில் கிராமக் கிளைகளில் கடன் கொடுத்தும் வசூலித்தும் தலை நரைத்த வங்கிக்காரன் நான். பேரத்தால் நொடித்துப்போன கைவினைஞர்களை அதிகம் பார்த்ததில்லை. பேரம் பேசுகிறவர் இருநூறு ரூபாயைக் குறைப்பார். மீதியைக் கையில் கொடுத்துவிட்டுப் போவார். “என்னம்மா வேலைப்பாடு! நீங்க சொன்ன விலைதான், குறைக்கவே மாட்டேன்” என்று புகழ்ந்து பொருளை எடுத்துப்போய், மூன்று மாதம் கழித்துப் பணம் அனுப்புகிற பெரிய மனிதர்களால்தான் பல வீடுகள் கடனில் விழுந்தன.

இதைப் பத்தமடையை வைத்துச் சொன்னால் எளிதாக விளங்கும்.

திருநெல்வேலியிலிருந்து அம்பாசமுத்திரம் போகிற சாலையில், சேரன்மகாதேவிக்குச் சற்று முன்னால் இருக்கிறது ஊர். ரிஷிகேசத்தில் ஆசிரமம் வைத்த சுவாமி சிவானந்தர் 1887-இல் பிறந்தது இங்கேதான். ஊருக்குப் பேர் வாங்கித் தந்த கோரைப்பாயை நெய்கிறவர்கள் பெரும்பாலும் இஸ்லாமியக் குடும்பத்தினர், அதிலும் பெண்கள். 1953-இல் எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழாவுக்கு இங்கிருந்து பாய் போனது என்று ஊரில் இன்றைக்கும் பெருமையாகச் சொல்வார்கள். ராணிக்குப் போன பாய்க்கு எத்தனை நாளில் பணம் வந்தது என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. எனக்கு அதுதான் தெரிய வேண்டும். தொழில் புத்தி!

ஆற்றங்கரையிலும் ஈர நிலத்திலும் வளர்கிற கோரையைப் பச்சையாக அறுத்து, கீறி, வெயிலில் உலர்த்துவார்கள். முரட்டுப் பாய்க்கு அது போதும். பட்டுப்பாய் என்று சொல்கிற நயமான பாய்க்குத்தான் பாடு அதிகம். காய்ந்த கோரையைக் கட்டுக்கட்டாக ஓடுகிற தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப் போட வேண்டும். அது ஊதிப் பெருத்ததும் எடுத்து, மறுபடி உலர்த்தி, இன்னும் மெல்லிசாகக் கீற வேண்டும். அப்புறம் சாயம். ஒரு காலத்தில் சிவப்புக்குப் பதிமுகக் கட்டையைக் காய்ச்சினார்கள்; இப்போது பெரும்பாலும் கடைச் சாயம்தான். இவ்வளவு வேலையும் முடியும்வரை தறியில் ஒரு நூல்கூட ஏறியிருக்காது. ஆனால் கோரைக்கும் சாயத்துக்கும் நூலுக்கும் காசு போயிருக்கும்.

தறியும் நாம் நினைக்கிற மாதிரி உயர்ந்து நிற்கிற மரச்சட்டம் கிடையாது. தரையோடு தரையாகப் பருத்தி நூலைப் பாவாக இழுத்துக் கட்டியிருப்பார்கள். நூல்கள் ஓர் அச்சுக்கட்டையின் துளைகள் வழியே போகும். நாடா இல்லை. நீளமான ஒரு குச்சியின் நுனியில் கோரையைக் கோத்துப் பாவுக்குள் நுழைத்து இழுக்க வேண்டும். பிறகு அச்சால் ஒரு தட்டு. கோரையின் அடி தடித்திருக்கும், நுனி சிறுத்திருக்கும். ஒரே பக்கமாக நுழைத்துக்கொண்டே போனால் பாய் கோணிவிடும். அதனால் ஒன்று இந்தப் பக்கம், அடுத்தது அந்தப் பக்கம். கல்யாணப் பாயில் பொண்ணு மாப்பிள்ளை பெயர் எழுதுகிற வரிசை வந்துவிட்டால் வீட்டில் பேச்சு நின்றுவிடும். எந்த நூலைத் தூக்க வேண்டும், எந்த நிறக் கோரையை விட வேண்டும் என்று எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். ஓர் எண்ணிக்கை தப்பினால் ‘ர’வுக்கும் ‘ற’வுக்கும் நடுவில் ஏதோ ஒன்று வந்து உட்கார்ந்துகொள்ளும். முடிந்த பாயைத் துணி மாதிரி மடிக்கலாம். கையில் வாங்கிப் பார்த்தவர்களுக்கு இது கோரைதானா என்று சந்தேகமே வந்துவிடும்.

இனி என் பாஷையில் ஒரு கணக்கு. ஒரு பேச்சுக்குத்தான். பாய் விலை 6,000 ரூபாய் என்று வையுங்கள். கோரை, நூல், சாயத்துக்கு 900. இரண்டு பெண்கள் 12 நாள் உட்கார்ந்தால் 24 ஆள் நாள். மிச்சம் 5,100-ஐ வகுத்தால் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 212 ரூபாய் சொச்சம். நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2025-26-க்கு நிர்ணயித்த கூலி 336 ரூபாய். இந்த ஒப்பீட்டையே தாங்க முடியவில்லை என்றால், அடுத்த வரியையும் படித்துவிடுங்கள். அந்த 6,000 மூன்று மாதம் தள்ளி வருகிறது. அதுவரை அடுத்த கோரைக்கட்டும் வீட்டுச் செலவும் நிற்காதே? அதே தொகையை வெளியில் அஞ்சு வட்டிக்குப் புரட்டினால், மூன்று மாதத்துக்கு வட்டி மட்டும் 900. கூலி 175 ஆகிவிட்டது. பேரம் பேசி இருநூறு ரூபாய் குறைத்து, அங்கேயே பணத்தை எண்ணிக் கொடுத்தவர் உண்மையில் எவ்வளவு நல்லவர் பாருங்கள்!

இதைவிட மோசமான ஏற்பாடு ஒன்று உண்டு. கடைக்காரர் பாயை வாங்கி வைத்துக்கொள்வார். விற்றால் பணம், விற்காவிட்டால் பாய் திரும்பி வரும். கண்ணாடி அலமாரியில் வெயில் பட்டு ஒரு பக்கம் வெளுத்த பாயாகத்தான் அது திரும்பி வரும். கடைக்காரர் ஒரு பைசா முதல் போடவில்லை. அவருடைய கடைக்குச் சரக்கு நிரப்பியது தறிக்காரியின் பணம். கூலிக்காரி முதலாளிக்குக் கடன் கொடுக்கிற இந்த விநோதத்துக்கு ‘கைவினைக்கு ஆதரவு’ என்று பலகை வேறு.

ஒரு கல்யாணப் பாயின் கதையைச் சொல்ல வேண்டும். வெளியூர்க் குடும்பம் ஒன்று போனிலேயே ஆர்டர் கொடுத்தது. பெயர்கள், தேதி, நடுவில் குத்துவிளக்கு. பாய் முடிகிற சமயத்தில் கல்யாணம் நின்றுபோனது. அதற்குப் பிறகு அவர்கள் போனை எடுக்கவில்லை. நான் அந்த அம்மாவின் கடன் தவணை விஷயமாகப் போயிருந்தபோது பாய் சுருட்டி மச்சில் கிடந்தது.

“வேற யாருக்காவது கொடுத்துடலாமேம்மா?” என்று கேட்டேன்.

“யாரு சார் வாங்குவா? அதே பேருல ஒரு மாப்பிளையும் அதே பேருல ஒரு பொண்ணும் கெடைக்கணும்லா!”

“முன்பணம் வாங்கலையா?”

“பெரிய எடத்து ஆளுவ. எப்படி சார் வாயத் தொறந்து கேக்க?”

அடுத்த முறை போனபோது அவரே சொன்னார்: “இப்போல்லாம் பாதி வச்சாத்தான் சார் நூலையே தொடுவேன்.” நான் வாங்கிய எந்தப் பயிற்சி வகுப்பிலும் இதைவிடத் தெளிவான வணிகப் பாடத்தைக் கேட்டதில்லை.

சென்னையில் இருக்கிற என் தங்கை மகள் படம் வரைகிறவள். அவளிடம் இந்தக் கதையைச் சொன்னேன். “மாமா, எனக்கும் இதேதான். கம்ப்யூட்டர்ல வரையறதால கோரை வாங்குற செலவு இல்ல, அவ்வளவுதான் வித்தியாசம்” என்றாள். ஒருவர் அவளிடம் தன் குடும்பத்தையே வரையச் சொன்னார். இரண்டு முறை திருத்தம் கேட்டார். அப்புறம் ஆளைக் காணோம். வேறு யாருக்கும் ஆகாத படம். ஒரு நிறுவனம், பணம் கிடையாது, உங்கள் பெயர் வெளியே தெரியும் என்றது. அட்வான்ஸ் கேட்டால் வருகிற வாடிக்கையாளரும் ஓடிவிடுவார் என்பது அவள் பயம். ஓடுகிறவர் ஓடட்டும் என்றேன். ஓட வேண்டியவர் முதலிலேயே ஓடுவது லாபம்.

சட்டம் என்ன சொல்கிறது? ரொம்பப் பேருக்குத் தெரியாது, நல்ல சட்டமே இருக்கிறது. குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிவு செய்த குறுந்தொழிலாளரிடம் சரக்கு வாங்குகிற வியாபாரி, எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கிற வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. வருமான வரியிலும் ஒரு பிடி போட்டார்கள்: 2024 ஏப்ரல் முதல், அந்தக் கெடுவுக்குள் கொடுக்காத தொகையை, அதை உண்மையில் கொடுக்கிற ஆண்டின் செலவுக் கணக்கில்தான் வியாபாரி காட்ட முடியும். இதற்கெல்லாம் தறிக்காரி செய்ய வேண்டியது உத்யம் என்கிற குறுந்தொழில் பதிவு. ஆதார் எண்ணும் பான் எண்ணும் வேண்டும், காசு கிடையாது. காசு வாங்கிக்கொண்டு பதிந்து தருகிறேன் என்கிற தரகரை வாசலோடு அனுப்பிவிடலாம். ஆனால் ஒன்று: பாய் வாங்குகிற ஒரே கடைக்காரர்மீது எந்தப் பெண் புகார் எழுதுவாள்? சட்டத்தின் பலம் அங்கே நின்றுவிடுகிறது.

புவிசார் குறியீடும் அப்படித்தான். பத்தமடைப் பாய்க்கு 2012-13-இல் கிடைத்தது. செய்தி வந்ததும் ஊரில் எல்லோருக்கும் சந்தோஷம். அந்தப் பெயரை வேறு ஊர்க்காரர் தன் பாய்க்குப் போட்டு விற்கக் கூடாது என்ற உரிமை அதில் கிடைக்கிறது. உரிமையை யாராவது போய் நிலைநாட்ட வேண்டாமா? ஒவ்வொரு நெசவாளரும் அங்கீகாரம் பெற்ற பயனாளராகத் தனியே பதிந்துகொள்ள வேண்டும். போலியைக் கண்டால் வழக்குப் போட வேண்டும். நாளெல்லாம் தறியில் குனிந்திருக்கிறவருக்கு இதற்கு நேரமேது? பவானி ஜமக்காளத்துக்குக் குறியீடும் உண்டு, கைத்தறிக்கு மட்டுமே என்று ஒதுக்கிய 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11 ரகங்களில் இடமும் உண்டு. அப்படியும் விசைத்தறி ஜமக்காளம் சந்தைக்கு வருவது நிற்கவில்லை. கோரைப்பாய்க்கு அந்த ஒதுக்கீடும் இல்லை. காவிரிக் கரையில் கரூர், முசிறிப் பக்கம் கோரையைப் பயிராகவே வளர்த்து இயந்திரத்தில் பாய் நெய்கிறார்கள். அதை நான் குறை சொல்லமாட்டேன். படுத்துத் தூங்க முந்நூறு, நானூறு ரூபாயில் நல்ல பாய் வேண்டியவர் அதை வாங்கட்டும். பிளாஸ்டிக்கைவிட ஆயிரம் மடங்கு மேல். அதன்மேல் பத்தமடை என்று சீட்டு ஒட்டுவதுதான் திருட்டு.

கடன் வசதி இன்று முன்னைவிட நன்றாகவே இருக்கிறது. தமிழக அரசின் கலைஞர் கைவினைத் திட்டத்தில் 35 வயது கடந்த கைவினைஞர்களுக்கு 3 லட்சம் ரூபாய் வரை கடன், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியம், வட்டியிலும் சலுகை உண்டு. மாவட்டத் தொழில் மையத்தில் கேட்கலாம். நான் பணியில் இருந்த காலத்தில் இப்படி ஒன்று கையில் இருந்திருந்தால் பல வீடுகளுக்குச் சந்தோஷமாகப் போயிருப்பேன். என்றாலும் கடன் கொடுத்தவன் வாயாலேயே சொல்கிறேன், வராத பாக்கியை நம்பி வாங்குகிற கடன் இன்னொரு சுமைதான். வங்கி கொடுக்கிற மூன்று லட்சத்தைவிட, வாங்குகிறவர் முன்னதாகக் கொடுக்கிற மூவாயிரத்துக்கு மதிப்பு அதிகம். அதற்கு வட்டி இல்லை, ஜாமீன் இல்லை, பாய் விற்குமா என்ற கவலையும் இல்லை.

ஆகவே உங்கள் வீட்டில் கல்யாணம் வருகிறது, பாயில் பெயர் போட ஆசை என்றால், முகூர்த்தத்துக்கு இரண்டு மூன்று மாதம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். மழைக்காலம் குறுக்கிட்டால் இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். கோரை காய வெயில் வேண்டும். பெயர்களைத் தமிழில், பிழையில்லாமல், ஒரு தாளில் எழுதி அனுப்புங்கள், போனில் சொல்லாதீர்கள். நேரில் போய்க் கேட்டால் வீட்டையே காட்டுவார்கள், மகளிர் கூட்டுறவுச் சங்கமும் உண்டு. போக முடியாதவர்கள் அரசின் பூம்புகார் கைவினை விற்பனை நிலையத்தில் கேட்டுப் பார்க்கலாம். விலை கூடுதலாகத் தோன்றினால் தாராளமாகப் பேரம் பேசுங்கள், நான் கோபித்துக்கொள்ளமாட்டேன். பேசி முடித்த விலையில் பாதியை அன்றைக்கே அனுப்பிவிடுங்கள். மீதியைப் பாய் கைக்கு வந்த அன்று, பிரித்துப் பார்த்ததும் கொடுத்துவிடுங்கள்.