சலவை இயந்திரமும் மூன்றாவது கம்பியும்

– இரண்டாம் ஆண்டு மாணவன், மின் மற்றும் மின்னணுப் பொறியியல் பிரிவு



“தம்பி, டீச்சர் வீட்டு மெஷின் கடிக்குதுடா” என்று ஒருநாள் அம்மா சொன்னார். அம்மா நான்கு வீடுகளில் துணி துவைக்கிறார். அதில் ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர் வீட்டில் மட்டும் வாஷிங் மெஷின் உண்டு. ஏற்கெனவே ஒரு மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, “மோட்டார் நல்லாத்தான் ஓடுது, பிரச்சினை ஒண்ணும் இல்ல. செருப்புப் போட்டுக்கிட்டுத் தொடுங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாராம். அன்றிலிருந்து அம்மா ரப்பர் செருப்போடுதான் மெஷின் பக்கம் போகிறார்.

எனக்குத் தூக்கம் வரவில்லை. எலெக்ட்ரிகல் படிக்கிற மகன் வீட்டில் இருக்க, அம்மாவின் உயிரைச் செருப்பு காப்பாற்ற வேண்டுமா? ஞாயிற்றுக்கிழமை டெஸ்டர், ஸ்க்ரூ டிரைவர், மல்டிமீட்டர் எடுத்துக்கொண்டு நானும் கூடவே போனேன். அங்கே கண்டதைச் சொல்வதற்கு முன்னால், மெஷினுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். உள்ளே இருப்பது தெரிந்தால்தான் கோளாறு எங்கே என்று தெரியும்.

உள்ளே என்ன இருக்கிறது?

நம் பக்கத்து வீடுகளில் அதிகம் இருப்பது இரண்டு தொட்டி உள்ள செமி ஆட்டோமேட்டிக் மெஷின். பின்பக்கத் தகட்டைக் கழற்றினால் இரண்டு மோட்டார்கள் தெரியும். ஒன்று துவைக்கிற தொட்டிக்கு, மற்றது டிரையருக்கு. இரண்டுமே நாம் பாடத்தில் படித்த சிங்கிள் ஃபேஸ் இண்டக்ஷன் மோட்டார்தான். சிங்கிள் ஃபேஸ் சப்ளையில் மோட்டார் தானாகப் புறப்படாது. அதற்காகத்தான் ஒரு வைண்டிங்குக்கு வரிசையில் கண்டென்சர் போட்டு, மின்னோட்டத்தின் ஃபேஸை மாற்றுகிறார்கள். தேர்வில் படம் போட்டு மார்க் வாங்கினோமே, அதே விஷயம்!

துவைக்கிற மோட்டாரில் இரண்டு வைண்டிங்கும் ஒரே மாதிரி இருக்கும். டைமர் கண்டென்சரை ஒருமுறை இந்த வைண்டிங்கோடும் அடுத்த முறை அந்த வைண்டிங்கோடும் வரிசையில் சேர்க்கும். அதனால் மோட்டார் வலமும் இடமும் மாறி மாறிச் சுற்றுகிறது. மோட்டாரிலிருந்து பெல்ட் வழியாகப் புல்லிக்குப் போய், அடித்தட்டில் இருக்கும் பல்சேட்டர் சுற்றும்.

டிரையர் மோட்டாருக்குப் பெல்ட் கிடையாது. அதன் ஷாஃப்டின் மேலேயே டிரையர் கூடை உட்கார்ந்திருக்கும். மூடியைத் திறந்தால் ஒரு சுவிட்ச் சப்ளையை நிறுத்தும், பிரேக் ஒயர் தளர்ந்து பிரேக் பிடிக்கும். ஷாஃப்ட் தொட்டிக்குள் நுழையும் இடத்தில் தண்ணீர் கீழே வழியாமல் இருக்க ஒரு ரப்பர் சீல் உண்டு. இந்த சீலை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கதையில் மறுபடி வரும்.

நோயும் காரணமும்

எந்தப் பழுதுக்கும் முதல் விதி: பிளக்கைப் பிடுங்கிய பிறகே கை வைக்க வேண்டும். சுவிட்சை ஆஃப் செய்தால் மட்டும் போதாது. கண்டென்சரில் சார்ஜ் மிச்சம் இருக்கலாம். அதன் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே ஒரு பல்பை வைத்து டிஸ்சார்ஜ் செய்துவிட்டுத் தொடவும். இரண்டாவது விதி: செலவு குறைந்த சந்தேகத்தை முதலில் பார்க்கவும்.

1. ‘ம்ம்ம்’ என்று சத்தம் வருகிறது, ஆனால் சுற்றவில்லை: பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பல்சேட்டரைக் கையால் திருப்பிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் அடியில் காசு, ஹேர்பின், பட்டன் ஏதாவது மாட்டியிருக்கும். லேசாகச் சுற்றினால் கண்டென்சர் மேல் சந்தேகம் வர வேண்டும். கம்பால் தள்ளிவிட்டால் மட்டும் ஓடுகிற ஃபேனுக்கும் இதே வியாதிதான். மோட்டாரின் விலை ஆயிரத்தில், கண்டென்சரின் விலை நூற்றில்! பழைய கண்டென்சரின் மேல் எழுதியிருக்கும் மைக்ரோ ஃபாரட், வோல்ட் அளவைப் பார்த்து அதே அளவில் வாங்கவும்.

2. மோட்டார் ஓடுகிறது, துணி சுற்றவில்லை: பெல்ட் தளர்ந்திருக்கும் அல்லது அறுந்திருக்கும். மோட்டாரின் போல்ட்டுகளைத் தளர்த்தி, கொஞ்சம் நகர்த்தி முடுக்கலாம். துணியை அளவுக்கு மீறித் திணித்தாலும் இப்படி ஆகும்.

3. ஒரு பக்கம் மட்டும் சுற்றுகிறது: டைமரின் ஒரு காண்டாக்ட் அல்லது ஒரு ஒயர் போயிருக்கும். மோட்டாரின் மூன்று ஒயர்களையும் தனியே எடுத்து ஓம் பாருங்கள். பொது ஒயரிலிருந்து மற்ற இரண்டுக்கும் ஒரே அளவு காட்ட வேண்டும். அந்த இரண்டுக்கும் நடுவே அதைப்போல் இரண்டு மடங்கு காட்ட வேண்டும். காட்டினால் வைண்டிங் நலம்.

4. டிரையர் சுற்றவில்லை: மூடி சுவிட்ச், பிரேக் ஒயர், கண்டென்சர் என்ற வரிசையில் பார்க்கவும். பிரேக் ஒயர் நீண்டுவிட்டால் பிரேக் விடாது. மோட்டார் முனகும், சூடாகும்.

5. தண்ணீர் நிற்கவில்லை அல்லது வடியவில்லை: வடிகால் வால்வில் நூல், முடி, பட்டன் சிக்கியிருக்கும். திறந்து கழுவினால் சரியாகும். வடிகால் பைப்பைத் தரையிலிருந்து தூக்கி வைத்தாலும் தண்ணீர் வடியாது.

6. எதுவுமே வேலை செய்யவில்லை: எலி! மெஷினின் அடிப்பக்கம் திறந்திருந்தால் அது உள்ளே போய் ஒயரைக் கடித்து வைக்கும்.

கடித்தது எது?

டீச்சர் வீட்டில் நான் முதலில் பார்த்தது பிளக்கை. மெஷினின் பிளக் மூன்று முனை. ஆனால் குளியலறைக்கு வெளியே இருந்த பாயிண்ட் இரண்டு ஓட்டை. நடுவில் ஒரு கன்வெர்ட்டர் சொருகி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அதாவது எர்த் முனை எதனோடும் சேரவில்லை. டெஸ்டரை மெஷினின் தகட்டில் வைத்தால் எரிந்தது.

பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பின்தகட்டைக் கழற்றினேன். டிரையர் மோட்டாரின் தலையில் சோப்புத் தண்ணீர் வழிந்து வெள்ளை வெள்ளையாகக் காய்ந்து கிடந்தது. மேலே பார்த்தால் அந்த ரப்பர் சீல் கிழிந்திருந்தது. துவைக்கிற ஒவ்வொரு நாளும் மோட்டார் மேல் சொட்டுச் சொட்டாக விழுந்திருக்கிறது.

மல்டிமீட்டரில் வைண்டிங் சரி. வைண்டிங்குக்கும் பாடிக்கும் நடுவே பார்த்தால் தொடர்பே இல்லை என்றது! மெக்கானிக்கும் இதைப் பார்த்துத்தான் ‘நல்லாத்தான் இருக்கு’ என்று சொல்லியிருப்பார். ஆனால் மல்டிமீட்டர் சில வோல்ட்டில்தான் சோதிக்கிறது. 230 வோல்ட்டில் இன்சுலேஷன் தாங்குமா என்று அதற்குத் தெரியாது. அதற்குத்தான் மெகர்.

டீச்சரிடம் கேட்டு மோட்டாரைக் கழற்றிக் கொண்டுவந்தேன். லேப் சாரிடம் அனுமதி வாங்கி 500 வோல்ட் மெகர் வைத்துப் பார்த்தோம். முள் 0.2 மெகா ஓமில் நின்றது. குறைந்தது 1 மெகா ஓமாவது இருக்க வேண்டும் என்றார் சார். “கணக்குப் போடு” என்றார். 230 வோல்ட்டை 2 லட்சம் ஓமால் வகுத்தால் 1 மில்லி ஆம்பியருக்குச் சற்று மேல். மனிதன் ‘சுருக்’ என்று உணர்கிற அளவு ஏறக்குறைய அதுதான். அம்மா சொன்ன ‘கடி’ மெகரில் தெரிந்தது!

சார் விடவில்லை. “இது ரெண்டு நாள் காய்ஞ்ச மோட்டார். துவைக்கிற அன்னைக்கு ஈரத்துல 20 கிலோ ஓமுக்கு இறங்கினா?” போட்டேன். 11.5 மில்லி ஆம்பியர். சுமார் 10 மில்லி ஆம்பியருக்கு மேல் போனால் கை தசை இறுகி, பிடித்ததை விட முடியாமல் போகலாம். 30-ஐத் தாண்டினால் இதயத்துக்கே ஆபத்து. என் கை நடுங்கியது. ஓம் விதியை எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன், அன்றுதான் அதற்கு அர்த்தம் தெரிந்தது.

மூன்றாவது கம்பி

மோட்டாரைத் துடைத்து, ஒரு பெட்டிக்குள் 100 வாட் குண்டு பல்பு எரியவிட்டு ஒரு இரவு முழுவதும் காய வைத்தேன். மறுநாள் மெகர் 20-க்கு மேல் காட்டியது. புது சீல் போட்டு மாட்டினேன். ஆனால் வேலை அதோடு முடியவில்லை. சீல் மறுபடி கிழியலாம், எலி ஒயரைக் கடிக்கலாம். அப்போதும் மெஷினைத் தொடுபவருக்கு ஒன்றும் ஆகக்கூடாது. அதற்குத்தான் எர்த்.

எர்த் கம்பி மெஷினின் தகட்டை மண்ணோடு சேர்க்கிறது. கசிகிற மின்சாரம் மனிதன் வழியாகப் போகாமல் அந்தச் சுலபமான வழியில் இறங்கிவிடும். மூன்று முனை பிளக்கில் எர்த் முனை மட்டும் ஏன் நீளமாகவும் பருமனாகவும் இருக்கிறது? சொருகும்போது முதலில் சேர வேண்டும், பிடுங்கும்போது கடைசியில் பிரிய வேண்டும், ஃபேஸ் ஓட்டைக்குள் நுழையக்கூடாது. அதை அறுத்து எறிகிறவர்களை என்னவென்று சொல்வது!

சாக்கெட்டில் எர்த் உண்டா என்று மல்டிமீட்டரில் பார்க்கலாம். ஃபேஸ்–நியூட்ரல் 230 என்றால், ஃபேஸ்–எர்த்தும் கிட்டத்தட்ட அதே அளவு காட்ட வேண்டும். சிலர் சாக்கெட்டுக்குள்ளேயே எர்த்தையும் நியூட்ரலையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிடுவார்கள். இதைச் செய்யவே கூடாது. எங்காவது நியூட்ரல் அறுந்தால் மெஷினின் பாடி முழுவதும் 230 வோல்ட் வந்துவிடும்.

விஷயத்தைச் சொன்னதும் டீச்சர் மறுபேச்சுப் பேசவில்லை. “இத்தனை நாள் உங்க அம்மாவ செருப்புப் போடச் சொல்லிட்டு இருந்தேனே, தம்பி” என்று வருத்தப்பட்டார். லைசென்ஸ் உள்ள வயர்மேனை வைத்து, மீட்டர் போர்டிலிருந்து பச்சை ஒயர் இழுத்து மூன்று முனை சாக்கெட் போட்டார். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் மாட்டினார். கசிவு அந்த அளவை எட்டும்போது, கண் இமைப்பதற்குள் அது சப்ளையை வெட்டிவிடும்.

பராமரிப்புக்குச் சில குறிப்புகள்

* துணியின் பைகளைச் சோதித்துவிட்டுப் போடவும்.
* துவைத்து முடித்ததும் பிளக்கைப் பிடுங்கி, மூடியைத் திறந்து வைத்து உலர விடவும்.
* நூல் வடிகட்டியை ஒவ்வொரு முறையும் கழுவவும்.
* போர்த் தண்ணீர் உள்ள ஊரில் உப்புப் படியும். மாதம் ஒருமுறை தொட்டியில் நீர் நிரப்பி 100 கிராம் சிட்ரிக் ஆசிட் போட்டு ஓட்டி, பிறகு நல்ல தண்ணீரில் அலசவும். இதோடு பிளீச்சிங் பவுடரைச் சேர்க்கவே கூடாது, விஷவாயு வரும்.
* நான்கு காலும் தரையில் சமமாக நிற்க வேண்டும். அடியில் எலி வலை அடிக்கவும்.
* ஆறு மாதத்துக்கு ஒருமுறை பின்தகட்டைத் திறந்து, டிரையர் மோட்டார் மேல் ஈரம் இருக்கிறதா என்று பார்க்கவும்.

நண்பர்களே! எங்கள் வீட்டில் இன்னும் மெஷின் இல்லை. ஆனாலும் நான் படித்த படிப்பு முதன்முதலில் பயன்பட்டது என் அம்மாவுக்குத்தான். போன வாரம், “இப்ப கடிக்கறதே இல்லடா” என்றார். “செருப்பையும் விட்டுடாதம்மா” என்றேன்.

இந்த மலரை மூடி வைத்ததும் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் வீட்டிலோ ஹாஸ்டலிலோ இருக்கும் அயர்ன் பாக்ஸ், மோட்டார், மெஷின் ஆகியவற்றின் பிளக்கைப் பாருங்கள். மூன்றாவது முனை இருக்கிறதா? அது சொருகும் ஓட்டைக்குப் பின்னால் கம்பி இருக்கிறதா?