ஒரு பல்லுதானே

இந்தக் கிழமை எபிசோடில் ரெண்டு நிமிசத்தில் சொல்லி முடித்த கதைதான் இது. "முழுசா எழுதுங்கோ" என்று கேட்டிருந்தீர்கள்.

என்னிடம் இருப்பது 2011 சுபாரு டபிள்யூஆர்எக்ஸ். உள்ளே ஈஜே255, டர்போ போட்ட பொக்ஸர் எஞ்சின். நாலு சிலிண்டரும் பக்கத்துக்கு ரெண்டாகப் படுத்திருக்கும். நாலு காம்களையும் கிராங்கையும் ஒரே ஒரு றப்பர் பெல்ட்தான் பிணைக்கிறது. அமெரிக்காவில் சுபாரு சொல்லும் கணக்கு 1,05,000 மைல், இல்லையென்றால் 105 மாதம். என்ர கார் ரெண்டையும் தாண்டிவிட்டது. ஓடும்போது பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும். பிறகு எஞ்சினுக்கு எட்டுச் செலவுதான்.

கராஜில் சொன்ன விலையைக் கேட்டேன். ஒரு கொன்ட்ராக்ட் முடிந்து அடுத்தது இன்னும் கையெழுத்தாகாத நேரம். பெல்ட், ஐட்லர்கள், டென்ஷனர், வோட்டர் பம்ப் எல்லாம் சேர்ந்த கிட் ஒன்றை வாங்கிக்கொண்டு, ஸ்காபரோவில் அப்பா வீட்டுக் கராஜில் இறங்கிவிட்டேன். பெல்ட்டை மட்டும் மாத்தாதேங்கோ; பழைய ஐட்லரின் பெயரிங் இறுகினாலும் புதுப் பெல்ட் போச்சு.

ஃபான், கவர் எல்லாம் கழற்றுவது பொறுமை வேலை, அவ்வளவுதான். வில்லங்கம் அடையாளங்களில் இருக்கிறது. கிராங்கின் பல்சக்கரத்தில் முன்னுக்கு ஒரு அம்புக்குறி பளிச்சென்று தெரியும். அது இல்லை! பின் விளிம்பில் இருக்கும் சின்ன வெட்டுத்தான் நேரே மேலே நிற்கவேண்டும். அப்போதுதான் நாலு பிஸ்டனும் பாதி வழியில் நிற்கும், வால்வோடு முட்டாது. நானும் முதலில் அம்புக்குறியைத்தான் மேலே வைத்தேன். டொக்யுமென்ட் வாசிக்காமல் கோட் எழுதிற பழக்கம்.

இடது பக்கக் காம்கள் இன்னொரு சனியன். வால்வு ஸ்பிரிங் தள்ளுவதால், பெல்ட்டைக் கழற்றினதும் படக்கென்று சுழலும். கை கவனம். அந்தப் பக்கத்தைக் கண்டபடி திருப்பினால் வால்வுகளே ஒன்றோடொன்று முட்டும்.

இரவு பதினொரு மணிக்குப் பெல்ட் ஏறியது. டென்ஷனரின் ஊசியை இழுத்துவிட்டு, எஞ்சினைக் கையால் ரெண்டு முழுச் சுற்றுச் சுற்றினேன். பெல்ட்டில் கீறியிருக்கும் கோடுகள் இப்போது பொருந்தாது, அதற்குப் பயப்படத் தேவையில்லை. பல்சக்கர அடையாளங்கள் பொருந்தவேண்டும். இடது எக்ஸாஸ்ட் காம் ஒரு பல்லுத் தள்ளி நின்றது.

ஆஃப்-பை-வன். கோடில் என்றால் காலமை எழும்பி ஒரு ஃபிக்ஸ் போடலாம். இங்கே எஞ்சின் ஒருக்கால் ஓடினால் ஓடினதுதான்.

சாரத்தோடு வந்து டோர்ச் பிடித்துக்கொண்டிருந்த அப்பா, "உது சரியே, தம்பி?" என்றார்.

"ஒரு பல்லுதானே" என்றேன்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. டோர்ச்சை அணைக்கவும் இல்லை.

திரும்பக் கழற்றினேன். டென்ஷனரை வைஸில் நிமிர்த்தி வைத்து, மெல்ல மெல்ல அமுக்கவேண்டும். அவசரப்பட்டால் அது பழுதாகிவிடும். அப்பா வைஸைத் திருக, நான் ஊசியோடு காத்துக்கொண்டு நின்றேன். ஒரு மணி தாண்டிவிட்டது. இந்த முறை ரெண்டு சுற்றுக்குப் பிறகு ஐந்து அடையாளமும் நேரே நின்றன. நம்பாமல் இன்னும் ரெண்டு சுற்றினேன்.

விடிய, கவர்களைப் பூட்டி, கூலன்ட் ஊற்றி, சாவியைத் திருப்பினேன். ஒரு செக்கன், ரெண்டு செக்கன். பிறகு அந்தப் பழைய தடதடப்பு.

அப்பா பொனெட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "வாற கிழமை என்ர கொறோலாவுக்கும் ஒருக்கால் செய்து விடன்" என்றார்.

அது 2009 கொறோலா. அதில் பெல்ட் இல்லை, செயின். நான் இன்னும் சொல்லவில்லை.