மது காய்ச்சும் மீன்

வட ஐரோப்பாவில் குளிர்காலம் வந்தால் சின்னச் சின்னக் குளங்களெல்லாம் மேலே கட்டியாக உறைந்துவிடும். அதன்மேல் பனியும் கொட்டி மூடிக்கொண்டால் உள்ளே வெளிச்சம் புகாது, பாசி ஒளிச்சேர்க்கை செய்யாது. தண்ணீரில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனையும் சேற்றிலுள்ள நுண்ணுயிர்கள் தீர்த்துவிடும். மற்ற மீன்கள் செத்துப்போகும் அந்தக் குளத்தில், குரூசியன் கெண்டை என்ற மீன் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கிறது. தொட்டியில் வளர்க்கிறோமே தங்கமீன், அதற்கு நெருங்கிய சொந்தம் இது.

இந்த மீனின் வித்தை புரிய, ஆக்சிஜனுக்கு உடம்பில் என்ன வேலை என்று முதலில் பார்க்க வேண்டும். எரிபொருள் குளுக்கோஸ்தான். செல்லுக்குள் வரும் குளுக்கோஸ் பத்துப் படிகளில் இரண்டாக உடைந்து பைருவேட் ஆகிறது. இதற்கு ஆக்சிஜன் தேவையே இல்லை. நிகர வரவு இரண்டு ஏடிபி. செல் தன் வேலைகளுக்குச் செலவழிக்கும் நாணயம் அதுதான். உடையும்போது கழலும் எலக்ட்ரான்களை என்ஏடி என்ற மூலக்கூறு ஏற்றிக்கொண்டு போகிறது. இதை ஒரு சரக்கு லாரி என்று வைத்துக்கொள்ளுங்கள். செல்லில் இருக்கும் லாரிகள் கொஞ்சம். ஏற்றியதை எங்காவது இறக்கினால்தான் அடுத்த நடைக்குத் திரும்ப முடியும்.

இறக்குமிடம் மைட்டோகாண்ட்ரியா. பைருவேட்டும் அங்கே போய் முழுவதுமாகச் சிதைகிறது. எலக்ட்ரான்கள் அங்குள்ள உட்சவ்வில் கைமாறிக் கைமாறிப் போகும்போது வெளிப்படும் ஆற்றலால் ஹைட்ரஜன் அயனிகள் சவ்வுக்கு அப்பால் தள்ளப்படுகின்றன. அவை திரும்பிப் பாய்ந்து வரும் வழியில் ஒரு புரதம் சுழன்று ஏடிபியைச் செய்கிறது. இதை 1961-இல் பீட்டர் மிட்செல் சொன்னபோது பலர் ஏற்கவில்லை. 1978-இல் நோபல் பரிசு கிடைத்தது. 1997-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அந்தப் புரதத்தின் அச்சில் ஒளிரும் இழை ஒன்றை ஒட்டவைத்தார்கள். நுண்ணோக்கியின் கீழ் அந்த இழை சுற்றிச் சுற்றி வந்ததை நேரிலேயே பார்த்தார்கள்.

எல்லாம் முடிந்து, ஓய்ந்த எலக்ட்ரான்களை ஏற்றுத் தண்ணீராக மாறுகிறது ஆக்சிஜன். அதன் பங்கு இந்தக் கடைசி இடத்தில்தான். இந்த வழியில் மொத்த வரவு ஒரு குளுக்கோஸுக்குச் சுமார் 30 ஏடிபி. (பழைய பாடநூல்களில் 36, 38 என்று படித்திருப்பீர்கள், இப்போதைய கணக்கு குறைவு.)

ஆக்சிஜன் இல்லையென்றால்? லாரிகள் பாரத்தோடு நின்றுவிடும். குளுக்கோஸ் குவிந்து கிடந்தாலும் முதல் இரண்டு ஏடிபிகூடக் கிடைக்காது. 400 மீட்டர் ஓட்டத்தில் ஆக்சிஜன் வந்துசேரும் வேகம் போதாதபோது நம் தசைகள் ஓர் அவசர ஏற்பாடு செய்கின்றன: எலக்ட்ரான்களைப் பைருவேட்டின் மேலேயே இறக்கிவிடுகின்றன. அது லாக்டேட் ஆகிறது. இதனால் புதிதாக ஒரு ஏடிபியும் வராது; லாரி காலியாவதுதான் லாபம். மறுநாள் கால் வலிப்பதற்கு லாக்டேட்டைத் திட்டுவது அநியாயம். அது அன்றே கரைந்துவிடும்; கல்லீரல் அதைத் திரும்பக் குளுக்கோஸாக்கும், இதயம் எரிபொருளாகவே எரிக்கும். வேடிக்கை என்னவென்றால், நம் உடம்பு முழுக்க ஆக்சிஜன் சுமக்கும் சிவப்பணுவில் மைட்டோகாண்ட்ரியாவே கிடையாது. அது பிழைப்பது அந்த இரண்டு ஏடிபியில்.

குளத்து மீனுக்கு லாக்டேட் வழி சரிப்படாது. மாதக்கணக்கில் சேர்ந்தால் இரத்தம் அமிலமாகிக் கொன்றுவிடும். அதனால் மற்ற உறுப்புகளின் லாக்டேட் இரத்தம் வழியாகத் தசைக்கு வந்து, அங்கே ஈஸ்டு செய்வதுபோல் எத்தனாலாக மாறி, செவுள் வழியே வெளியேறுகிறது. இதற்கான நொதியின் மரபணுக்களை 2017-இல் நார்வே, பிரிட்டன் ஆய்வாளர்கள் அடையாளம் கண்டார்கள். பைருவேட்டைச் சாதாரணமாகக் கையாளும் புரதத்தின் மரபணு இந்த மீனின் முன்னோரில் இரட்டித்திருக்கிறது. ஒரு பிரதி பழைய வேலையிலேயே இருக்க, இன்னொன்று சாராயத் தொழிலுக்கு வந்துவிட்டது. இந்த மீனின் இரத்தத்தில் 100 மில்லிக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருக்கக்கூடும். நம் நாட்டில் வண்டி ஓட்டுபவருக்கு வரம்பு 30.

ஆனால் இது ஊதாரித்தனம். லாக்டேட்டையாவது பிறகு மீட்கலாம். தண்ணீரில் கலந்த எத்தனால் போனது போனதுதான். அதனால் கோடையிலேயே மீன் தன் கல்லீரலில் குளுக்கோஸின் சேமிப்பு வடிவமான கிளைக்கோஜனை ஏராளமாகச் சேர்த்துக்கொள்கிறது. உறைநிலையை ஒட்டிய குளிரில் செலவு குறைவு, இருப்பு வசந்தம்வரை தாங்கும். நீர் வெதுவெதுப்பாக இருந்து ஆக்சிஜன் அற்றுப்போனால் இதே மீன் ஓரிரு நாளுக்கு மேல் தாக்குப்பிடிப்பது கடினம்.