ஒரு அட்டை, 29 நாடுகள்: ஐரோப்பாவில் படிக்கும் நம் பிள்ளைகள் ஊர் சுற்றலாமா?

இலத்தூரிலிருந்து செங்கோட்டை போய், புளியரை தாண்டினால் ஆரியங்காவு, கேரளம் வந்துவிடும். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டையே திருவிதாங்கூர்-கொச்சியைச் சேர்ந்த ஊர். இன்று சோதனைச் சாவடியில் லாரிகளை நிறுத்துவார்கள். பஸ்ஸில் போகிறவரை யாரும் எழுப்பி விசாரிப்பதில்லை. ஐரோப்பாவின் ஷெங்கன் பகுதியும் ஏறக்குறைய இப்படித்தான் இயங்குகிறது. தென்காசிப் பக்கத்துப் பிள்ளைகள் ஜெர்மனிக்கோ பிரான்சுக்கோ படிக்கப் போனபின் சனி, ஞாயிறுகளில் வேறு நாட்டிலிருந்து படம் அனுப்புவது எப்படிச் சாத்தியமாகிறது என்று வீட்டில் கேட்கிறார்கள். கூடவே இன்னொரு கேள்வியும் வரும்: படிக்கப் போன இடத்தில் இது தேவையா?

முதல் கேள்விக்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது. 1985 ஜூன் 14 அன்று, லக்சம்பர்க்கில் மோசல் ஆற்றங்கரையில் உள்ள ஷெங்கன் என்ற சிற்றூரில் ஐந்து நாடுகள் ஓர் ஒப்பந்தம் போட்டன. தங்களுக்குள் எல்லைச் சோதனையைக் கைவிடுவது அதன் நோக்கம். 1995 மார்ச்சில் அது நடைமுறைக்கு வந்தது. இன்று அதில் 29 நாடுகள். ஸ்விட்சர்லாந்தும் நார்வேயும் ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாவிட்டாலும் இதில் உண்டு. அயர்லாந்து ஒன்றியத்தில் இருந்தும் இதில் இல்லை. பிரிட்டன் என்றுமே சேர்ந்ததில்லை.

இந்த 29 நாடுகளில் ஒன்று படிப்புக்காக வசிப்பு அட்டை கொடுத்துவிட்டால், அந்த அட்டையும் பாஸ்போர்ட்டும் கையில் இருக்கும் மாணவர் மற்ற 28 நாடுகளுக்கும் தனி விசா இல்லாமல் போய்வரலாம். அட்டை வருவதற்கு முன், நீண்டகாலத் தங்கலுக்கான ‘டி’ வகை விசா செல்லுபடியாகும் நாட்களிலும் இதே உரிமை உண்டு. கணக்கு ஒன்றுதான்: எந்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ணினாலும், கடந்த 180 நாட்களில் மற்ற நாடுகளில் கழித்தவை எல்லாம் சேர்த்து 90 நாளைத் தாண்டக் கூடாது. போய்ச் சேரும் நாளும் கிளம்பும் நாளும் இதில் சேரும். வாரந்தோறும் சனி, ஞாயிறு வெளியே போனால்கூட ஆறு மாதத்தில் 52 நாள்தான் ஆகும். எனவே சட்டம் மாணவருக்குத் தாராளமாகவே இடம் தருகிறது.

சிக்கல் காகிதத்தில்தான் வருகிறது. எல்லையில் சோதனை இல்லை என்பதற்கு, ஆவணம் வேண்டாம் என்று பொருள் இல்லை. 2024 செப்டம்பரில் ஜெர்மனி தன் எல்லா நில எல்லைகளிலும் தற்காலிகச் சோதனையைத் தொடங்கியது. பஸ்ஸை ஓரங்கட்டி, ஒவ்வொருவரிடமும் அட்டையைக் கேட்பார்கள். போனில் உள்ள படம் செல்லாது, அசல் வேண்டும். அட்டை காலாவதியாகிப் புதுப்பிக்க விண்ணப்பித்துவிட்டுத் தற்காலிகச் சான்றுடன் இருப்பவர், அந்தச் சான்றோடு எல்லை தாண்டலாமா என்பதை வெளிநாட்டவர் அலுவலகத்தில் கேட்காமல் டிக்கெட் போடவே கூடாது.

லண்டனிலோ டப்ளினிலோ படிப்பவர்களுக்கு இந்தச் சலுகை எதுவும் கிடையாது. பாரிஸைப் பார்க்க அவர்கள் 90 யூரோ கட்டி ஷெங்கன் விசா எடுக்க வேண்டும். அதுபோல் பெர்லினில் படிப்பவருக்கு லண்டன் போகப் பிரிட்டிஷ் விசா வேண்டும்.

அடுத்தது பணம். ஜெர்மனிக்குப் போகும் மாணவர் ஓராண்டுச் செலவுக்காக முடக்கக் கணக்கில் கட்ட வேண்டிய தொகை 11,904 யூரோ. அதிலிருந்து மாதம் 992 யூரோ கைக்கு வரும். வாடகையும் காப்பீடும் சாப்பாடும் போனால் அதில் பெரிதாக எதுவும் மிஞ்சாது. ஊர் சுற்றும் செலவு பகுதிநேர வேலையில்தான் வர வேண்டும். ஆண்டுக்கு 140 முழு நாட்கள் அல்லது 280 அரை நாட்கள் வேலை பார்க்க அனுமதி உண்டு. 2026 ஜனவரி முதல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 13.90 யூரோ.

போக்குவரத்துச் செலவைக் குறைக்க வழிகள் பல. ஜெர்மனி முழுவதும் உள்ளூர், வட்டார ரயில்களிலும் பஸ், டிராம்களிலும் செல்லும் ‘டாய்ச்லாண்ட் டிக்கெட்’ 2023 மே மாதம் 49 யூரோவுக்குத் தொடங்கி, இப்போது மாதம் 63 யூரோ ஆகியிருக்கிறது. அதிவிரைவு ரயிலில் அது செல்லாது. ஆனால் எல்லை தாண்டி ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் வரை செல்லும். லக்சம்பர்க்கில் 2020 மார்ச் முதல் பஸ், டிராம், ரயில் எல்லாமே இலவசம். ‘யூரெயில்’ பாஸ் ஐரோப்பாவுக்கு வெளியே வசிப்பவர்களுக்கானது. அங்கேயே வசிக்கும் நம் மாணவர் வசிப்புச் சான்றைக் காட்டி ‘இன்டர்ரெயில்’ பாஸ்தான் வாங்க வேண்டும். மலிவு விமானத்தில் விலையை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. ஃபிராங்க்ஃபர்ட்டின் பெயரைத் தாங்கிய ஹான் விமான நிலையம் அந்த நகரிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது.

பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில், 26 வயது நிரம்பாத, ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் வசிக்கும் எவருக்கும் நுழைவு இலவசம். குடியுரிமை அல்ல, வசிப்புதான் கணக்கு. நம் மாணவரும் அட்டையைக் காட்டி உள்ளே போகலாம். இது தெரியாமல் பலர் டிக்கெட் வாங்கிவிடுகிறார்கள்.

மூன்று நாளில் நான்கு தலைநகரம் என்ற ஓட்டம் வீண். இரவு பஸ்ஸில் தூங்காமல் போய், கோபுரத்தின் முன் படம் எடுத்து, அடுத்த பஸ்ஸைப் பிடிப்பதில் பார்த்தது எதுவும் மனதில் தங்காது. ஒரு பயணத்துக்கு ஓர் ஊர். மிஞ்சினால் ரயிலில் ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கும் வியன்னா, பிராட்டிஸ்லாவா போன்ற இரண்டு. விடுதியில் சமையலறை இருக்கிறதா என்று பார்த்து அறை எடுங்கள். ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகளை அடைத்துவிடுவார்கள். அரிசியும் காய்கறியும் சனிக்கிழமையே வாங்கிவிட வேண்டும்.

எந்த ஊர் என்று தேர்ந்தெடுக்க நமக்கென்று சில காரணங்களும் இருக்கின்றன. ஜெர்மனியின் ஹாம் நகரில், தொழிற்சாலைகளுக்கு நடுவே, 2002-ல் குடமுழுக்கு கண்ட ஸ்ரீ காமாட்சி அம்பாள் கோயில் கோபுரத்தோடு நிற்கிறது. போரில் ஊரை இழந்து வந்த ஈழத்தமிழர் எழுப்பியது. கோடைத் தொடக்கத்தில் அங்கே தேர் இழுக்கிறார்கள். பாரிஸின் லா ஷப்பல் தெருக்களில் கோடை முடிவில் பிள்ளையார் தேர் வரும். ஜெர்மனியின் ஹாலே நகரம், மதப்பணிக்குத் தமிழகம் வந்த சீகன்பால்கு படித்த ஊர். 1706-ல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய அவரும் அவருக்குப் பின் வந்தவர்களும் அனுப்பிய தமிழ் ஓலைச்சுவடிகளை அங்குள்ள ஃபிராங்கே அறநிறுவனம் இன்னும் பாதுகாக்கிறது. அந்தத் தரங்கம்பாடியை டேனியருக்கு 1620-ல் விட்டுக்கொடுத்த தஞ்சை ரகுநாத நாயக்கர், டென்மார்க் மன்னருக்குத் தங்க ஏட்டில் எழுதிய கடிதம் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. ஈஃபிள் கோபுரத்தைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. அதோடு ஹாலேக்கும் ஒரு நாள் ஒதுக்குங்கள் என்கிறேன்.

கோபன்ஹேகன் போகிறவர்களுக்கு ஒரு முக்கியமான எச்சரிக்கை. ஜெர்மனியின் பொது மருத்துவக் காப்பீட்டு அட்டையின் பின்பக்கம் ஐரோப்பியக் காப்பீட்டு அட்டையாகவும் பயன்படும். மற்ற ஒன்றிய நாடுகளில் அவசரச் சிகிச்சைக்கு உதவும். ஆனால் இந்தியர் போன்ற, ஒன்றியத்துக்கு வெளியே உள்ள நாடுகளின் குடிமக்களுக்கு டென்மார்க், ஸ்விட்சர்லாந்து, நார்வே, ஐஸ்லாந்து நாடுகளில் அது செல்லாது. அங்கே போகும்போது தனியாகப் பயணக் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும். கால் பிசகி மருத்துவமனையில் படுத்தால் வரும் செலவு ஊரிலுள்ள குடும்பத்தையே உலுக்கிவிடும்.

இனி வீட்டாரின் இரண்டாவது கேள்வி. நகையை அடகு வைத்தோ வங்கியில் கடன் வாங்கியோ அனுப்பியவர்களின் கவலை நியாயமானது. ஆனால் படிப்புக்கு இடைஞ்சல் இல்லாமல், சொந்தச் சம்பாத்தியத்தில், முன்பின் தெரியாத ஊரில் வழி கேட்டு, கணக்குப் பார்த்துச் செலவு செய்து திரும்புகிற பிள்ளை வீணாகிவிடவில்லை. அங்கேயே வேலை தேடப்போகிறவருக்கு இந்தப் பழக்கம் கைகொடுக்கும். ஆகவே பெற்றோர் தடுக்க வேண்டாம். பிள்ளைகளும் கல்விக் கடன் பணத்தைத் தொடாமல், தேர்வுக் காலத்தில் கிளம்பாமல், எந்த ஊர், எந்த விடுதி, எந்த ரயில் என்பதை வீட்டுக்குச் சொல்லிவிட்டுப் போகட்டும். டிக்கெட் போடும் முன் அட்டையில் உள்ள காலாவதித் தேதியை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.