வாரக்கூலி 23 டாலர் 86 சென்ட்

1936-இல் நியூயார்க் நகரத்தில் அரசாங்கக் கூலிக்கு ஓவியம் வரைந்தவருக்கு வாரத்துக்குக் கிடைத்தது 23 டாலர் 86 சென்ட். நான்கு வாரத்துக்கு 95 டாலர் 44 சென்ட். ஒரு வாரம்கூட விடாமல் 52 வாரமும் வேலை இருந்தால் ஆண்டுக்கு 1,240 டாலர் 72 சென்ட். ஹார்லெம் மருத்துவமனைச் சுவர்களின் பேரேட்டை இந்தத் தொகையிலிருந்து தொடங்குகிறேன். இனி வரப்போகும் ஆயிரங்களையும் லட்சங்களையும் கோடிகளையும் அளந்து பார்க்க இதைவிட நல்ல முழக்கோல் இல்லை.

கூலி கொடுத்தது ஃபெடரல் ஆர்ட் ப்ராஜெக்ட் என்ற அரசுத் திட்டம். 1935 ஆகஸ்டில் தொடங்கி 1943 வரை நடந்தது. பெருமந்தத்தில் வேலையிழந்தவர்களைச் சாலை போடவும் பாலம் கட்டவும் கூப்பிட்ட அதே நிர்வாகம், ஓவியருக்கும் வயிறு உண்டு என்பதை ஒப்புக்கொண்டு இதற்கும் பணம் ஒதுக்கியது. மொத்தச் செலவு சுமார் 3.5 கோடி டாலர். அதற்குக் கிடைத்தவை 2,566 சுவரோவியங்கள், 1,08,099 ஓவியங்கள், 17,744 சிற்பங்கள். திட்டம் மூடப்பட்டபோது கிடங்கில் மிஞ்சிய ஓவியத் துணிகளில் ஒரு பகுதியைப் பழைய சாமான் வியாபாரிக்கு ராத்தல் 4 சென்ட் என்று எடைக்குப் போட்டார்கள். சுடுநீர்க் குழாய்களுக்குச் சுற்ற அந்தத் துணி ஆகும் என்று எண்ணி வாங்கினார்கள். அந்தக் குழாய்ச் சூடு இந்தக் கணக்கில் இன்னொரு முறையும் வரும்.

2,566-இல் ஐந்து ஓவியங்களைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

ஹார்லெம் மருத்துவமனை 1887-இல் 54 படுக்கைகளோடு தொடங்கியது. 1907-இல் லெனாக்ஸ் அவென்யூவில் 150 படுக்கைகளோடு புதுக் கட்டடத்துக்குக் குடிவந்தது. வந்த இடத்தின் ஆள்கணக்கு வேகமாக மாறியது. மத்திய ஹார்லெமில் 1910-இல் நூற்றுக்குப் பத்துப் பேர் கறுப்பர். 1930-இல் எழுபது பேர். ஆனாலும் மருத்துவமனை தொடங்கி 32 ஆண்டுகள் வரை அதன் மருத்துவர் பட்டியலில் கறுப்பர் எண்ணிக்கை பூஜ்யம். 1919-இல் லூயிஸ் ரைட் உள்ளே வந்தபோதுதான் அது ஒன்றானது.

1936-இல் இந்த மருத்துவமனையின் சுவர்களுக்கு ஓவியம் தீட்டும் பொறுப்பு சார்ல்ஸ் ஆல்ஸ்டனிடம் வந்தது. வயது 28. நியூயார்க்கில் அந்தத் திட்டத்தின் முதல் கறுப்பின மேற்பார்வையாளர் அவர்தான். மேற்கு 141-ஆம் தெரு, கதவு எண் 306-இல் அவருடைய பட்டறை இருந்தது. அந்த வட்டாரத்து ஓவியர்களும் எழுத்தாளர்களும் மாலையில் கூடும் திண்ணை மாதிரி அது. அவரோடு வெர்ட்டிஸ் ஹேஸ். இருபது வயதை ஒட்டிய ஜார்ஜெட் சீப்ரூக் என்ற ஓவியக் கல்லூரி மாணவி. சிசிலியில் பிறந்து குடியேறிய ஆல்ஃப்ரெட் கிரிமி. கறுப்பின ஓவியர்களுக்கு அமெரிக்க அரசு இப்படிப் பெரிய அளவில் வேலை கொடுத்தது அதுவே முதல் முறை.

மாதிரி வரைபடங்கள் முழுவதையும் திட்ட அலுவலகம் ஏற்றுக்கொண்டது. மருத்துவமனைக் கண்காணிப்பாளர் லாரன்ஸ் டெர்மடியும், நகர மருத்துவமனைகளின் ஆணையர் கோல்ட்வாட்டரும் நான்கைத் திருப்பி அனுப்பினார்கள். படங்களில் கறுப்பர் விஷயம் அளவுக்கு மீறி இருக்கிறதாம். பக்கத்தில் வசிக்கும் கறுப்பர்களே இதை விரும்ப மாட்டார்களாம். இது கறுப்பர் மருத்துவமனையும் இல்லையாம். இன்னொரு காரணம் எண்ணோடு வந்தது: இன்னும் 25 ஆண்டுகளில் இந்த வட்டாரத்தில் கறுப்பர்கள் பெரும்பான்மையாக இல்லாமல் போகலாம்.

எண்ணோடு வந்த வாதத்தை எண்ணைக் கொண்டே சரிபார்க்கலாம். 1950-இல், அதாவது அவர்கள் சொன்ன 25-இல் 14 ஆண்டுகள் கழிந்தபோது, மத்திய ஹார்லெமில் கறுப்பர் விழுக்காடு 98. அந்தக் கணிப்பு ஒரு தலைமுறைக்குள் இவ்வளவு தப்பாகிப் போனதை எழுதும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. நோயாளி தன் முகத்தைச் சுவரில் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக, அந்த நோயாளியே இனி வரமாட்டான் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

ஓவியர்கள் விடவில்லை. முந்தைய ஆண்டுதான் உருவாகியிருந்த ஹார்லெம் ஓவியர் சங்கமும் ஓவியர் தொழிற்சங்கமும் கடிதம் மேல் கடிதம் எழுதின. வேலை முழுதும் முடிய நான்கு ஆண்டுகள் ஆயின. சீப்ரூக்கின் ஓவியத்தில் வெள்ளையர் முகங்களையும் சேர்க்கச் சொன்னார்கள்; சேர்த்தார். சுமார் 20 அடி நீளத்தில் ஹார்லெம் மக்களின் ஓய்வு நேரத்தை, ஆடுவோரும் பாடுவோரும் கூடிப் பேசுவோருமாக, செவிலியர் இளைப்பாறும் அறைக்கு அவர் வரைந்தது அது. நாளெல்லாம் நோயோடு நின்றுவிட்டு வரும் பெண்களுக்கு வேறென்ன வரைவது? இருபது வயதுப் பெண்ணுக்கு இது தெரிந்திருந்தது.

ஹேஸ் செவிலியர் விடுதிக்கு எட்டுப் பலகங்களில் ஒரு நெடும் பயணத்தை வரைந்தார். பதினெட்டாம் நூற்றாண்டு ஆப்பிரிக்கக் கிராமத்தில் தொடங்கி இருபதாம் நூற்றாண்டு அமெரிக்க நகரத்தில் முடிவது. கிரிமி நவீன அறுவை சிகிச்சையையும் மயக்க மருந்தையும் ஈரச் சுண்ணாம்பில் தீட்டினார். ஆல்ஸ்டனின் இரட்டை ஓவியத்தில் ஒரு பக்கம் ஆப்பிரிக்க வைத்தியம், மற்றப் பக்கம் நுண்ணோக்கியும் அறுவை அறையும். இந்த இரண்டாவதில் கறுப்பு மருத்துவரும் வெள்ளை மருத்துவரும் சேர்ந்து வேலை செய்கிறார்கள். அதில் லூயிஸ் ரைட்டின் முகம் இருக்கிறது. குழந்தையை ஏந்திய செவிலிக்கு முன்மாதிரியாக நின்றவர் மைரா லோகன். அப்போது அதே மருத்துவமனையில் பயிற்சி மருத்துவர், பின்னால் பேர்பெற்ற அறுவை மருத்துவர், 1944-இல் ஆல்ஸ்டனின் மனைவியும் ஆனவர். சுவரில் இருப்பவர் பக்கத்து வார்டில் நடமாடிக்கொண்டிருக்கிறார். வெளியூரிலிருந்து வரவழைத்த ஓவியர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இந்த வரவை எழுத முடிந்திருக்காது.

இதுவரை எழுதியது ஆக்கிய செலவு. காத்த செலவுக்கு வருவோம்.

ஆல்ஸ்டனின் இரட்டை ஓவியத்தைப் பெண்கள் பிரிவில் மாட்டினார்கள். மாட்டிய இடத்துக்குக் கீழே அறையைச் சூடாக்கும் நீராவி ரேடியேட்டர்கள், மூடி இல்லாமல். குளிர்காலம் முழுக்க அடியிலிருந்து சூடும் ஈரமும் மேலேறும். கோடையில் அடங்கும். எண்ணெய் வண்ணம் தீட்டிய துணிக்கு இதைவிடக் கெடுதல் வேறு வேண்டாம். துணி ஊறித் தளரும், காய்ந்து இறுகும். மேலே படிந்த வண்ணம் அந்த அசைவுக்கு ஈடுகொடுக்காமல் வெடிக்கும், பிறகு செதில் செதிலாக உதிரும். ரேடியேட்டருக்கு மூடி போடத் திட்டம் போட்டார்கள், நடக்கவில்லை.

1959-இல் ஆல்ஸ்டன் நகரப் பொதுப்பணித் துறைக்கு ஒரு கடிதம் எழுதினார். ஓவியத்தைச் சீர்செய்ய எவ்வளவு ஆகும் என்று அவரே மதிப்பீடு போட்டுக் கொடுத்தார்: 1,500 டாலர். முழக்கோலை எடுத்து வைத்தால், பழைய வாரக்கூலியில் 63 வாரம். பணம் வரவே இல்லை.

அதே 1959-இல் ஃபிலடெல்ஃபியா நகரம் கட்டடச் செலவில் நூற்றில் ஒரு பங்கைக் கலைக்கு ஒதுக்கச் சட்டம் போட்டது. அமெரிக்க நகரங்களில் அதுதான் முதல். நியூயார்க் தானும் அப்படி ஒரு சட்டம் போட்டது 1982-இல். இரண்டுமே புதிதாகக் கலைப் படைப்பு வாங்குவதற்கான ஒதுக்கீடுகள். இருக்கிற ஓவியத்துக்குக் கீழே ஒரு தகட்டு மூடி போட அந்த ஒரு பங்கில் இடம் இல்லை.

ஆல்ஸ்டன் 1977-இல் இறந்தார். அதன் பிறகு ஓவியர் ரோமேர் பேர்டன் உட்பட ஒரு குழு சுவர்களைப் போய்ப் பார்த்து மேயரிடம் மனுக் கொடுத்தது. 1979-இல் சீரமைப்பு தொடங்கியது. சூடும் தொடர்ந்தது. மறுபடி வண்ணம் உதிர்ந்தது. 1991-இல் நகரக் கலைச் சங்கம் ஒன்று சுவரோவியங்களைத் தத்தெடுக்கும் திட்டத்தில் இவற்றைச் சேர்த்தது. 1993-இல் இரண்டாம் சீரமைப்பு முடிந்தது. அதற்கு ஆல்ஸ்டனின் சகோதரிகளும் பணம் கொடுத்தார்கள். சகோதரர் வாரக்கூலிக்கு வரைந்த அரசு மருத்துவமனைச் சுவருக்குச் சகோதரிகள் கைப்பணம் போட்டிருக்கிறார்கள். இந்தப் பேரேட்டில் என்னால் எளிதாகக் கடந்துபோக முடியாத வரி இதுதான்.

2005-இல் மருத்துவமனை விரிவாக்கம் அறிவிக்கப்பட்டது: 22.5 கோடி டாலர். அதில் ஐந்து ஓவியங்களையும் மீட்க 20 லட்சம் டாலர்.

1959-இன் 1,500 டாலரை விலைவாசி உயர்வோடு 2005-க்குக் கொண்டுவந்தால் சுமார் 10,000 டாலர். இருபது லட்சம் அதைப்போல் 200 மடங்கு. இதை அப்படியே ஒப்பிடுவது நியாயமில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆல்ஸ்டனின் மதிப்பீடு அவருடைய ஓவியங்களுக்கு மட்டும். 2005-இன் தொகையில் மற்ற மூன்று பேரின் வேலையும் அடக்கம், சுவர்களிலிருந்து பெயர்த்து இடம் மாற்றுவதும் உண்டு. ஈரச் சுண்ணாம்பில் தீட்டிய கிரிமியின் ஓவியத்தைத் துணியைச் சுருட்டுவதுபோல் சுருட்டி எடுத்துவிட முடியாது. சரி, 200-ஐப் பத்தால் வகுத்துப் பார்ப்போம். அப்போதும் 20 மடங்கு.

கிரிமிக்கு வேறொரு சுவர்க் கணக்கும் உண்டு. 1938-இல் நியூயார்க்கில் ஒரு தேவாலயத்துக்காக 26 அடி அகலம், 35 அடி உயரத்தில் ஒரு சுவரோவியம் தீட்டினார். மொத்தம் 910 சதுர அடி. வண்ணம், சாந்து எல்லாம் சேர்த்துப் பேசிய தொகை 6,800 டாலர். சதுர அடிக்கு ஏறக்குறைய ஏழரை டாலர். 1946-இல் தேவாலயத்துக்குப் புதுப் பூச்சு அடித்தபோது அதன் மேலேயே பூசிவிட்டார்கள். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வழக்குப் போட்டார். 1949-இல் தோற்றார். உரிமை எதையும் தக்கவைக்காமல் விற்றுவிட்டீர்கள், இனி அது வாங்கியவர் சுவர் என்றது நீதிமன்றம். ஓவியருக்கு இந்த விஷயத்தில் அமெரிக்கச் சட்டம் ஒரு பிடிமானம் கொடுத்தது 1990-இல். கிரிமிக்கு அப்போது வயது தொண்ணூறு.

மருத்துவமனைச் சுவரில் படம் இருந்தால் நோயாளிக்கு என்ன லாபம் என்று கேட்பவர்கள் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். இதற்கு அடிக்கடி காட்டப்படும் எண்கள் ரோஜர் உல்ரிச் 1984-இல் வெளியிட்டவை. பென்சில்வேனியாவின் ஒரு மருத்துவமனையில் 1972 முதல் 1981 வரை பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 பேரின் பதிவேடுகளை அவர் எடுத்தார். 23 பேரின் ஜன்னலுக்கு வெளியே மரங்கள். மற்ற 23 பேருக்குச் செங்கல் சுவர். வயதும் உடல்நிலையும் பார்த்து ஜோடி ஜோடியாகச் சேர்த்தார். மரம் பார்த்தவர்கள் அறுவைக்குப் பின் தங்கியது சராசரி 7.96 நாள், சுவர் பார்த்தவர்கள் 8.70 நாள். வித்தியாசம் 0.74 நாள், அதாவது ஏறக்குறைய 18 மணி நேரம். மன உளைச்சல், அழுகை என்று செவிலியர் எழுதிய குறிப்புகள் மரம் பார்த்தவருக்குத் தலா 1.13, செங்கல் பார்த்தவருக்குத் தலா 3.96.

இவை ஜன்னலின் எண்கள். ஓவியத்தின் எண்களாக இவற்றைக் காட்டுவதை நான் ஏற்க மாட்டேன். ஆனால் படுக்கையில் கிடப்பவரின் கண்ணுக்கு எதிரே என்ன இருக்கிறது என்பது செலவுக் கணக்கில் ஏறக்கூடிய சங்கதி என்பதை இவை காட்டிவிட்டன. ஹார்லெமில் யாரும் அப்படி எண்ணிப் பார்க்கவில்லை. ரேடியேட்டர் சூட்டில் உதிர்ந்துகொண்டிருந்த ஓவியத்தின் கீழே எத்தனை பிரசவங்கள் காத்திருந்தன, எத்தனை தாய்மார் அந்தச் செவிலியின் கையில் இருந்த குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதற்குப் பதிவேடு கிடையாது.

2012-இல் புதுக் கட்டடம் முடிந்தபோது அதன் செலவு 32.5 கோடி டாலர். சுவரோவியக் கூடம் என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். ஹேஸின் பலகங்களை மாடி உயரத்துக்குப் பெரிதாக்கித் தெருவைப் பார்த்த கண்ணாடி முகப்பில் பதித்தார்கள். ஒரு காலத்தில் கறுப்பர் முகம் அதிகம் என்று கண்காணிப்பாளர் குறை சொன்ன அதே மருத்துவமனையில், இரவில் உள்ளே விளக்கெரியும்போது அந்த முகங்கள்தாம் லெனாக்ஸ் அவென்யூவுக்கு வெளிச்சம்.

சீப்ரூக் பிற்காலத்தில் வாஷிங்டனில் குடியேறி, ஓவியத்தைச் சிகிச்சையாகப் பயன்படுத்தும் பயிற்சி பெற்று, மருத்துவமனை நோயாளிகளுக்குத் தூரிகை பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். ஆல்ஸ்டன் 1977, கிரிமி 1994, ஹேஸ் 2000 என்று மூவரும் போன பிறகு நால்வரில் எஞ்சியவர் அவர். 2011 டிசம்பர் 27 அன்று, 95-ஆம் வயதில் இறந்தார். கூடம் திறந்தது 2012 செப்டம்பரில்.